பள்ளிக்கு முந்தைய பசி

தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டத்தில் குறை காண்பது எளிதல்ல. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கியது, மறு ஆண்டே திருக்குவளையிலிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன. ஊர்ப்புறங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். தம் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அவர்களுக்கான தகுதிகளில் ஒன்று. ரவையில் வண்டு இருந்தால் அது சொந்தப் பிள்ளையின் தட்டிலும் விழும். இதைவிடக் கறாரான கண்காணிப்பை எந்த அதிகாரியும் செய்துவிட முடியாது.

பள்ளிப் பிள்ளையின் காலைப் பசியைப் போக்கும் வேலையை இத்திட்டம் செம்மையாகச் செய்கிறது. ஆனால் அரசின் குழந்தை நலக் கொள்கைக்கு இதுவே முகமாக நிற்கும்போது, அந்தக் கொள்கை எந்த வயதைப் பார்க்கிறது என்று கேட்டாக வேண்டும்.

உயிர் காப்பதில் தமிழகத்தின் சாதனை மறுக்க முடியாதது. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இங்கே ஆயிரம் பிறப்புக்கு 13 சிசு மரணங்கள்; இந்தியாவுக்கு 28. மருத்துவமனைப் பிரசவம் ஏறத்தாழ முழுமை. பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகம், கிராம சுகாதார செவிலியர்கள், மருந்துகளை மொத்தமாக வாங்கி வழங்கும் மருத்துவப் பணிகள் கழகம் என்று, பல ஆட்சிகள் கட்டிக்காத்த அமைப்புகளின் பலன் இது.

பிழைத்த குழந்தை எப்படி வளர்கிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது. தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2015-16இல் 27.1 சதவீதம், 2019-21இல் 25. இரத்தசோகை உள்ள சிறு குழந்தைகளோ 50.7 சதவீதத்திலிருந்து 57.4 ஆகக் கூடினர்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். விரல் நுனி இரத்தத்தில் செய்யும் சோதனை இரத்தசோகையை மிகைப்படுத்திக் காட்டும் என்பது ஒன்று. இருக்கலாம். ஆனால் இரண்டு சுற்றிலும் அதே முறைதான் என்பதால், அளவைச் சந்தேகித்தாலும் போக்கைத் தள்ளிவிட முடியாது. இந்த ஆய்வு காலை உணவுத் திட்டத்துக்கு முந்தையது என்பது மற்றொன்று. இது முழு உண்மை. ஆகவே இந்த எண்களைக் கொண்டு அத்திட்டத்தைத் தோல்வி என்பது நியாயமில்லை. ஆனால் அடுத்த சுற்றில் எண்கள் மேம்பட்டாலும் பெருமை அதற்குச் சேராது. உயரக் குறைவு பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள்ளேயே நிலைத்துவிடுகிறது. காலை உணவு ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது.

அந்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரசிடமிருந்து போவது அங்கன்வாடியின் சத்துமாவுப் பொட்டலம். வீட்டுக்குப் போனபின் அது கைக்குழந்தைக்குக் கூழாகிறதா, மூத்த பிள்ளைகளுக்கு வெல்லம் சேர்த்த உருண்டையாகிறதா என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பொட்டலம் வழங்கியதோடு கணக்கு முடிகிறது. 2022இல் வந்த ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம், கடுமையாக மெலிந்த குழந்தைகளைக் கண்டறிந்து தாய்க்கும் சேய்க்கும் சத்துணவு தருகிறது. நல்ல திருத்தம், ஆனால் அதன் அழுத்தம் மெலிந்தபின் மீட்பதில். மெலியாமல் காக்க, ஆறாம் மாதத்தில் திட உணவு தொடங்கும்போதே ஒருவர் வீட்டுக்குப் போய், எதை, எவ்வளவு, எத்தனை வேளை ஊட்டுவது என்று காட்ட வேண்டும். அதற்குத் திறப்பு விழாவோ புகைப்படமோ கிடையாது.

தாயும் பிள்ளையும் தன் கட்டடத்துக்கு வந்தால் தமிழக அரசு நன்றாகக் கவனிக்கிறது; வீட்டுக்குள் அதன் கை போதிய அளவு எட்டுவதில்லை. காலை உணவைத் தொடர வேண்டும், ஒரு பைசாவும் குறைக்கலாகாது. கூடுதலாக ஒதுக்கும் பணமும் ஆளும் மட்டும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் போகட்டும். இத்தனை லட்சம் தட்டுகள் என்ற கணக்கை விட்டு, இரண்டாம் பிறந்தநாளில் குழந்தையின் உயரமும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் என்ன என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிடட்டும். அதுவரை, குழந்தை நலத்தில் தமிழகம் முன்னோடி என்ற சான்றிதழில் பாதியைத்தான் நிரப்ப முடியும்.