குடிமையை அளக்கும் கோல்

ஒரு நாட்டினுட் புகுவாரை வரையறுக்கும் உரிமை அந்நாட்டிற்கு உண்டென்பதை மறுப்பார் இலர். நிலமும் தொழிலும் எல்லையுடையன. ஆயின், புதிதாக வருவாரைத் தடுப்பது வேறு. தொழிலுக்கென அழைக்கப்பட்டு வந்து, தலைமுறை பலவாக வாழ்ந்தாரை அந்நியரென விலக்குவது வேறு. இவ்வேறுபாட்டைக் கருதாமையே 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தின் தலையாய குறையாகும்.

இங்குப் பிறந்தமை மட்டும் அச்சட்டத்திற்குப் போதவில்லை. தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்குப் பிறந்தமை நிறுவப்படல் வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த ஏழைத் தொழிலாளர்பால் அத்தகைய சான்று எங்ஙனம் இருக்கும்? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் இடையறாது வதிந்த காலத்தை அளவாகக் கொண்டது: மணமானோர்க்கு 7 ஆண்டு, ஏனையோர்க்கு 10 ஆண்டு. கொள்கையளவில் இது முன்னையதினும் மேலானது. எனினும் சான்று காட்டும் சுமை முழுவதும் எழுத்தறியாத் தொழிலாளியின் தோளிலேயே ஏற்றப்பட்டது.

1964 அக்டோபர் 30இல் எழுந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ மாந்தரை எண்களாக்கிற்று. 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தொகை முன்னர்க் குறிக்கப்பட்டது. அவரவர் விருப்பம் பின்னரே வினவப்பட்டது.

இது மலைநாட்டார் துன்பமே, வடபுலத்திற்கு இதனால் யாதென்பார்க்கு விடை யாழ்ப்பாணத்தார் வரலாற்றிலேயே உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலாக எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் மலாயா சென்றோர் பலர். ஆங்கு அவர்தம் வழித்தோன்றல்கட்கு வேண்டப்படும் நீதியை ஈண்டுத் தோட்டத் தொழிலாளிக்கு மறுத்தல் அறமாகாது. மலைநாட்டார் உரிமை பற்றிய கருத்து வேற்றுமை காரணமாகத் தமிழ்க் காங்கிரசு பிளவுற, சா. ஜே. வே. செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தமை இவ்வுணர்வின் பயனேயாம். ஆயினும் பின்னாளில் வன்னிக்கு இடம்பெயர்ந்த மலையகத்தாருட் பலர் காணியற்ற கூலிகளாகவே அமைந்தமை, அவ்வுணர்வு முழுமை பெறாமையைக் காட்டும்.

1964 அக்டோபர் 30 முதல் நிலையாக வதிந்தோர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. பூட்டனின் பிறப்பிடத்தை விடுத்து வாழ்விடத்தையே அளவுகோலாகக் கொள்ள 55 ஆண்டுகள் சென்றன. குடிவரவுக் கொள்கை வகுப்போர் முதற்கண் உணரற்பாலது இதுவே: வாயிலிற் காவல் தகும், உள்ளிருந்து உழைத்தாரை வெளியாராக்குதல் தகாது.