இறாலும் காய்ந்த மிளகாயும்

கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் ஊர் ஜெயமங்கலம். வராக நதியும், 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையும்தான் பக்கத்து நீர்நிலைகள். அணையின் ஜிலேபிக் கெண்டைக்குப் பழகிய வீடுகளில், தூத்துக்குடிப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வரும் இறால் விருந்துப் பண்டம். அதை வாங்கினால் குழம்பு, இல்லையென்றால் தொக்கு என்றே இருக்கிறோம். சீனத்தின் சிச்சுவான் முறையில் காரமாக வறுத்தால் இறாலின் இன்னொரு குணம் தெரியும்.

சீனக் காரம் என்றதும் பலருக்குத் தள்ளுவண்டி மஞ்சூரியன் நினைவு வரும். அது 1975இல் மும்பையில் நெல்சன் வாங் உருவாக்கிய சிக்கன் மஞ்சூரியன் வழி வந்தது. நான் சொல்வது கோங்பாவ் வறுவல். 1876 முதல் 1886 வரை சிச்சுவானின் ஆளுநராக இருந்த திங் பாவ்ஜெனின் பட்டத்தால் வழங்கும் பெயர் அது. ஆதியில் கோழி, பிறகு இறாலிலும் செய்தார்கள். மசாலாப் பொடியோ கிரேவியோ இதில் இல்லை. காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, வறுத்த நிலக்கடலை, சோயா சாஸ், கொஞ்சம் வினிகர், கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதான்.

பூண்டுக்கு நாம் எங்கும் போக வேண்டாம். கொடைக்கானல் மலைப்பூண்டு வந்து விற்கும் வடுகபட்டிச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பூண்டின் காட்டம் இந்த வறுவலுக்கென்றே அமைந்தது. எண்ணெயும் நம் கடலை எண்ணெய்தான். நல்ல சூட்டைத் தாங்கும். நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகுதான் அரிது. அதன் இனத்து மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. கொங்கணத்தில் அதன் காயைத் தெப்பல் என்று மீன் குழம்பில் போடுகிறார்கள். கிடைத்தால் விதை நீக்கி, வறுத்து நுணுக்கித் தூவலாம்.

வேலையெல்லாம் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். அரை கிலோ இறாலை உரித்து, முதுகுக் குடலை எடுத்து, அலசி, துணியால் ஈரம் போக ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் சட்டியின் சூடு இறங்கி, இறால் வறுபடாமல் அவிந்துவிடும். ஒரு முட்டையின் வெள்ளைக் கருவில் பாதி, ஒரு கரண்டி சோளமாவு, உப்பு சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். அந்த மெல்லிய பூச்சு இறாலின் சாற்றை உள்ளேயே காக்கும்.

இரும்புச் சட்டி புகையும்போது எண்ணெய் விட்டு, இறாலை இரண்டு ஈடாகப் போடுங்கள். வீட்டு அடுப்பின் தீ மொத்தத்தையும் தாங்காது. சாம்பல் நிறம் சிவந்து உடல் லேசாக வளைந்ததும் எடுத்துவிடுங்கள். வெந்த புரதம் பிடி விடுவதால் உள்ளிருந்த சிவப்பு வெளிப்படுகிறது. வட்டமாகச் சுருண்டுவிட்டால் தசை இறுகி ரப்பராகிவிடும். பிறகு தீயைத் தணித்து, கிள்ளி விதை உதிர்த்த மிளகாயைப் போடுங்கள். அது கருஞ்சிவப்பாகும் நொடியில் எழும் நெடிதான் இந்தக் கலையின் உயிர், கறுத்தால் கசக்கும். உடனே பூண்டும் இஞ்சியும், பின் இறாலும், சோயா சாஸ், வினிகர், சர்க்கரை கலந்த கலவையும். தீயைக் கூட்டி ஒரு புரட்டு, கடைசியில் கடலை.

தொக்கில் மசாலா முன்னால் நிற்கும். இதில் முதலில் தெரிவது இறாலின் இனிப்பு. காரம் பின்னால்தான் வரும். அடுத்த முறை இறால் வாங்கினால் பாதியையாவது இப்படி வறுத்து, ஆறுமுன் சோற்றோடு சாப்பிடுங்கள்.