இயந்திரங்கள் பிறந்த இடம்

பழைய கார்களையும் விமானங்களையும் மெருகேற்றி, வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருக்கும் காட்சிக்கூடங்கள் உலகில் ஏராளம். அவற்றில் பலவற்றில் ஒரு குறை என்னை உறுத்தும். வண்டி இருக்கிறது, அது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான காரணம் அங்கே இல்லை. காருக்கு 24 லிட்டர் எஞ்சின் எதற்கு, முன்சக்கரங்களில் பிரேக் ஏன் இல்லை என்று கேட்டால் பக்கத்து அட்டையில் இருப்பதைப் படித்துவிட்டு நகர வேண்டியதுதான். லண்டனுக்குத் தென்மேற்கே வெய்பிரிட்ஜில் இருக்கும் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது இதனால்தான். இங்கே காரணம் கொட்டகைக்கு வெளியே தரையாகவே கிடக்கிறது. நடந்துபோய் அதன் மேல் ஏறி நிற்கலாம்.

அந்தத் தரை ஒரு பந்தயத் தடம். கார் பந்தயத்துக்கென்றே உலகில் கட்டப்பட்ட முதல் தடம் இதுதான். அந்நாளில் பிரிட்டனின் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டச் சட்டம் விடாது. கார் செய்பவர்களுக்குத் தங்கள் வண்டியை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க இடமே இல்லை. ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் தன் சொந்த நிலத்தில், சொந்தக் காசில் இரண்டே முக்கால் மைல் சுற்றளவில், 100 அடி அகலத்தில் கான்கிரீட் தடம் போட்டார். 1907 ஜூன் 17 அன்று திறப்பு விழா. கார்களின் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கித் தன் இத்தாலா காரை ஓட்டி வந்தவர் அவருடைய மனைவி எத்தல். கட்டுமானச் செலவில் கணவர் திவாலாகும் நிலைக்கு வந்தபோது கணக்கு வழக்கைக் கையில் எடுத்து நிமிர்த்தியவரும் அவரே. ஆனாலும் புரூக்லண்ட்ஸ் என்றால் கணவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். எத்தலுக்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும் என்பது என் கட்சி.

கார் பந்தயத்தை எப்படி நடத்துவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. குதிரைப் பந்தய வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வண்டிகளுக்கு எண் கிடையாது. ஜாக்கிகளைப் போல ஓட்டுநர்கள் ஆளுக்கொரு நிறத்தில் மேலங்கி அணிந்தார்கள். வேகமான வண்டியைப் பிந்திக் கிளப்பிவிடும் ஹேண்டிகேப் முறையும் குதிரை மைதானத்திலிருந்து வந்ததே. திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் எஸ்.எஃப். எட்ஜ் தன் நேப்பியர் காரை இரவும் பகலுமாக 24 மணி நேரம் தனி ஆளாக ஓட்டி 1,581 மைல் கடந்தார். இருட்டில் தடம் தெரிய வழிநெடுக சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பங்களாக்காரர்கள் சத்தம் தாங்காமல் வழக்குப் போட்டார்கள். அதோடு இரவு ஓட்டம் நின்றது. இருந்தும் 24 மணி நேரப் பந்தயம் நடத்தியே தீர வேண்டும் என்று 1929இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பகலில் 12 மணி நேரம் ஓட்டி, ராத்திரி வண்டிகளைப் பூட்டி வைத்து, மறுநாள் இன்னொரு 12 மணி நேரம். ‘டபுள் ட்வெல்வ்’ என்ற அந்தப் பெயரில் அருங்காட்சியகம் பின்னாளில் விழாவும் எடுத்திருக்கிறது.

தடத்தில் இன்று மிஞ்சியிருப்பது துண்டுதுண்டாகத்தான். தவறவிடக்கூடாத துண்டு, மெம்பர்ஸ் பாங்கிங் என்ற சாய்வு. வளைவில் வண்டி வெளியே வீசப்படாமல் இருக்கத் தடத்தின் வெளி விளிம்பை ஏறக்குறைய 30 அடி உயரத்துக்குத் தூக்கியிருக்கிறார்கள். அடியிலிருந்து பார்க்கும்போது அது பெரிய ஏற்றமாகத் தெரியாது. ஏற ஏறத்தான் அதன் குணம் புரிகிறது. சாய்வு ஒரே சீராக இல்லை, உட்குழிந்த வளைவு. கீழ்ப்பாதியில் சாதாரணமாக நடந்தேன், மேலே போகப் போகக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. மெதுவாகப் போகிறவனுக்குக் கீழே இடம், வேகத்துக்கு ஏற்ப மேலே மேலே இடம் என்று கணக்குப் போட்டுச் செய்த வளைவு இது. கான்கிரீட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கையால் பரப்பிய பாளங்கள், உள்ளே கம்பி கிடையாது. கொட்டி நிரப்பிய மண் அடியில் அமுங்கியபோது பாளங்களும் ஏறி இறங்கிவிட்டன. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு படி, ஒரு ஒட்டு, இடுக்கில் பாசி. பந்தயம் நடந்த காலத்திலேயே வண்டிகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது இந்தத் தரை.

இதைக் காலால் அறிந்துகொண்டு அதன் பிறகு நேப்பியர்-ரெயில்டன் காரைப் போய்ப் பாருங்கள். 1933இல் ஜான் காப் என்ற ஓட்டுநருக்காக ரீட் ரெயில்டன் வரைந்து, இதே வளாகத்தில் இருந்த தாம்சன் அண்ட் டெய்லர் பட்டறை கட்டிய வண்டி. எஞ்சின் நேப்பியர் லயன், அதாவது விமான எஞ்சின். ஏறக்குறைய 24 லிட்டர், 12 சிலிண்டர்கள், நான்கு நான்காக மூன்று வரிசை. அந்த மூன்று வரிசையை மூடப்போய்த்தான் பானெட்டுக்கு அந்த வடிவம் வந்தது. உடல் முழுக்க வர்ணம் பூசாத அலுமினியம். தகட்டைத் தட்டி உருவாக்கிய கைகளின் திறமை மறைக்க ஒன்றுமில்லாமல் வெளிச்சத்தில் தெரிகிறது. பிரேக் பின்சக்கரங்களில் மட்டும். அகலமான சுற்றுத் தடத்தில் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பதே வேலை, அடிக்கடி நிறுத்தும் தேவை இல்லை. இவ்வளவு கனமும் இவ்வளவு நீளமும் அந்தக் கரடுமுரடான கான்கிரீட்டில் தாக்குப்பிடிக்க. அப்படியும் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பிய நிலையில் இந்தக் கார் புகைப்படத்தில் பதிவாகியிருக்கிறது. 1935 அக்டோபர் 7 அன்று காப் இதில் மணிக்கு 143.44 மைல் சராசரியில் ஒரு சுற்று வந்தார். 1939இல் போர் வந்து தடத்தை மூடியதால் அந்தச் சாதனை அப்படியே நின்றுவிட்டது. விழா நாட்களில் இதை முடுக்கிக் காட்டுவார்கள். அந்த நாளுக்காகவே பயணத்தைத் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை. உறுமலைக் காது கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூடு கேட்டுவிடும்.

வேகத்தைத் தேடி வந்தவர்களின் பின்னாலேயே பறக்கத் துடித்தவர்களும் வந்தார்கள். ஏ.வி. ரோ தன் முதல் விமானத்தைச் சோதித்தது இந்தத் தடத்தில்தான். அடுத்த சில ஆண்டுகளில் கொட்டகைகளும் பறக்கும் பள்ளிகளும் முளைத்தன. அவற்றில் ஒன்றை நடத்திய ஹில்டா ஹியூலெட் 1911இல் விமானி உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் ஆனார். விமானச் சவாரிக்குச் சீட்டு விற்ற சின்னக் கூடம் ஒன்றும் அப்படியே இருக்கிறது. பின்னர் விக்கர்ஸ் நிறுவனம் இங்கே விமானத் தொழிற்சாலை போட்டது. 1919இல் அல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை நிற்காமல் கடந்த விமி விமானம் இங்கே செய்தது. 1935 நவம்பரில் ஹரிகேன் போர் விமானம் முதன்முதலாக எழும்பியதும் இந்த மைதானத்திலிருந்து. 1940 செப்டம்பர் 4 அன்று ஜெர்மன் விமானங்கள் விக்கர்ஸ் தொழிற்சாலையில் குண்டு போட்டதில் 80க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலை கட்டிய வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று இங்கே நிற்கிறது. என் கண்ணுக்கு இந்த வளாகத்தின் தலைசிறந்த பொருள் அதுதான். அதன் வரலாறே ஒரு கதை. 1940 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் மேல் பயிற்சியில் பறந்தபோது எஞ்சின் பழுதானது. மற்றவர்களைக் குதிக்கச் சொல்லிவிட்டு விமானிகள் இருவரும் அதை லாக் நெஸ் ஏரியில் இறக்கிக் கரை சேர்ந்தார்கள். குதித்தவர்களில் வால்புறத் துப்பாக்கி வீரர் மட்டும் பிழைக்கவில்லை. 1976இல் அந்த ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் பூதத்தைத் தேடி வந்த அமெரிக்கக் குழுவின் ஒலிக்கருவியில் விமானம் அகப்பட்டது. 1985 செப்டம்பரில் மேலே தூக்கினார்கள். குளிர்ந்த நன்னீர் உலோகத்தைக் காப்பாற்றியிருந்தது.

ஏரிக்குள் துணிப்போர்வை போய்விட்டதால் நமக்கு அதன் எலும்புக்கூடு கிடைத்தது. அதை வரைந்தவர் பார்ன்ஸ் வாலிஸ். முதுகெலும்பாக ஒரு பெரிய சட்டம் வைத்து அதில் விலா பூட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, மெல்லிய டுராலுமின் பட்டைகளை வளைத்து, இடமும் வலமும் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிட ஓடவிட்டார். பிரம்புக் கூடை முடைகிறவர் இதைப் பார்த்தால் உடனே விளங்கிக்கொள்வார். ஒரு பட்டை இழுபடும்போது அதைக் குறுக்கிடும் பட்டை அழுத்தப்படுகிறது, இரண்டும் சந்திப்பில் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. இடையில் சில பட்டைகள் குண்டடி பட்டு அறுந்தாலும் சுமை பக்கத்துப் பட்டைகளுக்கு ஓடிவிடும். பெரிய ஓட்டைகளோடு வெலிங்டன்கள் வீடு திரும்பியது இதனால்தான். குனிந்து ஒரு சந்திப்பை மட்டும் நிதானமாகப் பாருங்கள். விரல் அகலத்துப் பட்டைகள், அவற்றைப் பிணைக்கும் சின்னத் தகடு, நான்கைந்து ரிவெட்டுகள். எதுவும் கனமில்லை, எதிலும் ஆடம்பரமில்லை. இப்படி ஆயிரக்கணக்கான சந்திப்புகள் சேர்ந்து ஒரு விமானம், அப்படி 11,461 விமானங்கள். இந்தப் பட்டைகளோடு மரச்சட்டங்களைப் பூட்டி, அவற்றின் மேல் லினன் துணியை இழுத்துக் கட்டிப் பசை பூசினார்கள். துணி போர்த்திய முழுமையான வெலிங்டனை அழகு என்பார்கள். நான் இந்தத் திறந்த உடம்பைத்தான் அழகு என்பேன்.

வெளியே நிற்கும் பயணிகள் விமானங்களில் விக்கர்ஸ் வைகவுண்டை நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1957 முதல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டிய ரகம் இது. ஜன்னல்கள் பெரிய முட்டை வடிவம். எட்டிப் பார்த்தாலே அந்தக் காலத்துப் பயணிக்கு வானம் எவ்வளவு தாராளமாகக் கிடைத்தது என்று தெரியும்.

கூட்டம் இழுப்பது கான்கார்ட். இங்கே இருப்பது 1974இல் பறக்கத் தொடங்கிய சோதனை விமானம். பயணிகள் சேவைக்குப் போனதே இல்லை. ஆனால் 100 பேரை ஏற்றிக்கொண்டு ஒலியின் இருமடங்கு வேகத்தில் முதலில் பறந்தது இதுதான். பிறகு உதிரிபாகங்களுக்காகப் பிரித்து எடுக்கப்பட்டு, 2004இல் துண்டுதுண்டாகச் சாலை வழியே வந்து, தன்னார்வலர்கள் கையால் மறுபடி உருப்பெற்றது. பெரும்பாலோர் மூக்கின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இறக்கையின் அடியில் போய் நில்லுங்கள். புகைப்படத்தில் தட்டையான முக்கோணமாகத் தெரியும் அது, உண்மையில் விளிம்பெல்லாம் நெளிந்து, திருகி, குழிந்து ஓடுகிறது. தரையிறங்கும் மந்த வேகத்திலும் ஒலியை மிஞ்சும் வேகத்திலும் ஒரே இறக்கை தூக்க வேண்டும் என்ற பிடிவாதம் அந்த நெளிவில் இருக்கிறது. வேகம் கூடும்போது தூக்குவிசையின் மையம் பின்னால் நகரும். அதற்கு ஈடாக எரிபொருளையே பின்தொட்டிக்கு இறைத்துச் சமன் செய்தார்கள். உச்ச வேகத்தின் சூட்டில் உடல் ஒரு சாண் வரை நீளும். உள்ளே ஏறினால் ஏமாற்றம் வரலாம், அவ்வளவு குறுகல். அந்தக் குறுகலுக்கும் வேகம்தான் காரணம்.

கடைசியாக பஸ்களுக்கு நேரம் வையுங்கள். 2011 முதல் லண்டன் பஸ் அருங்காட்சியகமும் இதே வளாகத்தில் இருக்கிறது. அங்கே ஆர்.டி. குடும்பத்து மாடி பஸ்கள் எனக்கு நெருக்கமானவை. லண்டனில் ஓடி முடித்த இந்த ரக வண்டிகள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குப் போய், அங்கே இரண்டாவது வாழ்க்கை வாழ்ந்தன. லண்டனில் குடியேறிய இலங்கைத் தமிழ்ப் பெரியவர் ஒருவரோடு வந்தபோது அவர் பின்படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, கொழும்பில கந்தோருக்கு நான் இந்த பஸ்ஸிலதான் போய் வந்தனான்” என்றார். ஓடும் வண்டியில் எந்தக் காலை முதலில் வைத்து ஏற வேண்டும் என்று செய்தும் காட்டினார்.

பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு பழைய பஸ் ஓடும் நாளாக இருந்தால் மாடிக்கு ஓடாதீர்கள். கீழ்த்தட்டில் முன்னால், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னுள்ள கண்ணாடியை ஒட்டி உட்காருங்கள். ஆர்.டி.யில் கியர் மாற்றுவது இரண்டு வேலை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சிறு கைப்பிடியில் அடுத்த கியரை முன்கூட்டியே தேர்ந்து வைக்க வேண்டும், தேவை வரும்போது இடது காலால் மிதித்தால்தான் அது விழும். ஏற்றம் வருவதற்கு வெகு முன்பே கை நகர்ந்துவிடும், கால் காத்திருக்கும். தேர்ந்த ஓட்டுநர் கையில் வண்டி குலுங்காது. எஞ்சினின் சுருதி மட்டும் ஒரு படி இறங்கி மறுபடி ஏறும்.