நாணன் உரைத்த செய்தி

சைவநூல்களைச் சரிதம் எனவும் சாத்திரம் எனவும் இருகூறாக்கி, முன்னையது எளியோர்க்கும் பின்னையது பக்குவர்க்கும் உரியதென்பார் சிலர் உளர். அக்கூற்று நூல்களின் இயல்பொடு பொருந்துமாறில்லை. வேடரிடை வளர்ந்து தன்னை அறியாது மயங்கிய அரசிளங்குமரனைத் தந்தையே வந்து, அவன் தன் மகனாதலை அறிவித்து மீட்ட கதையைக் கொண்டன்றோ சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரம் குருவருளை விளக்குகின்றது? திருக்களிற்றுப்படியாரும் வல்வினையின் இயல்பு கூறப்புகுந்து சண்டேசர், சிறுத்தொண்டர் முதலியோர் செயல்களையே காட்டிற்று. இனி, கதை என்பது கேட்போன் உள்ளத்து என்செய்யும் என்பதைச் சேக்கிழார் பெருமான் கண்ணப்ப நாயனார் புராணத்துள் வைத்துணர்த்திய திறம் ஈண்டு ஆராயற்பாலது.

திருக்காளத்திமலையில் குடுமித்தேவரைக் கண்டு உருகிய திண்ணனார், அவர்மேல் நீரும் இலையும் பூவும் இருக்கக் கண்டு, இவ்வாறு செய்தார் யாவர் என வினவினார். உடன்வந்த நாணன், முன்னொருகால் அவர் தந்தையோடு அம்மலைக்கு வேட்டைவந்தபோது, பார்ப்பான் ஒருவன் நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவூட்டிச் சில மொழிந்து சென்றதைக் கண்டதாகவும், இன்றும் அவனே செய்திருத்தல் கூடும் எனவும் விடை பகர்ந்தான். நாணன் கூறியது இவ்வளவே. அவனுக்கு அது பழைய வேட்டையில் கண்டதொரு செய்தி, வேறன்று. திண்ணனார்க்கோ அதுவே விதியாயிற்று. வாயில் முகந்த நீரும், குடுமியிற் செருகிய மலரும், சுவைபார்த்துத் தேர்ந்த ஊனும் அவ்விடையினின்றே பிறந்தன. சொன்னவன் யாது பெற்றான்? அவனும் காடனும் திண்ணனார் பித்தேறினார் எனத் துணிந்து ஊர்க்கு மீண்டனர். கதையின் பயன் கூறுவோன் அறிவளவினதன்று, கேட்போன் பக்குவத்தளவினது என்பது இதனாற் பெறப்படும்.

திண்ணனார் மலையைவிட்டு அகன்றபோழ்தில் வந்த சிவகோசரியார் கண்டவை வெந்த இறைச்சியும் எலும்புமே. அவற்றைச் செய்தான் அன்பினை அவர் எங்ஙனம் அறிவார்? நாம் அறிவோம், கவி நம்மை முன்னரே திண்ணனார் பக்கல் நிறுத்திவிட்டார். எனினும் முனிவரை எள்ள நமக்கு இடம் தந்திலர். அவர் துயரும் உண்மைத் துயரே. இறைவன் அவர்க்குக் கனவில் வேடர் அன்பின் தன்மையை எடுத்துரைத்தருளினான். ஆயினும் அவ்வுரை மாத்திரையில் அமையாது, மறுநாள் மறைந்துநின்று காணவும் பணித்தான். சொல்லால் ஏற்றது ஒருவர்க்கு, கண்டு தெளிய வேண்டியது மற்றொருவர்க்கு. இருவருள் ஆகமம் கற்றவர் பின்னவர் என்பது கருதத்தக்கது.

இச்சரிதத்தை 'விதியினும் அன்பு பெரிது' என்று சுருக்குவோர் முதற்கண் விட்டுவிடுவது நாணனையே. அவனை விட்டால், திண்ணனார் வழிபாட்டிற்கு மூலம் சிவகோசரியார் பூசையே என்பதும் மறைந்துபோகும். அவ்வந்தணர் பழிக்கப்படுதற்கென்றே வைத்த உருவமாய்விடுவார். சேக்கிழார் அங்ஙனம் வைத்திலர்.