சிவன்கண் கூடையும் கூரியர் கணக்கும்

தென்காசிப் பக்கத்தில் ஒரு பெண் வீட்டில் இருந்தபடி நாலு காசு பார்க்கிறாள் என்றால், நேற்றுவரை அது பெரும்பாலும் பீடிதான். பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் என்று எந்த ஊர்த் தெருவுக்குள் நுழைந்தாலும், திண்ணையில் மடிமேல் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். இப்போது அதே தெருக்களில் வேறு வேலைகளும் நடக்கின்றன. ஒயர் கூடை, பட்டுநூல் வளையல், சுடுமண் நகை, ஆரி வேலை போட்ட ரவிக்கை, பனையோலைப் பெட்டி. செய்ததைச் செல்போனில் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. ஜிபேயில் பணம் விழுகிறது. ஆசைக்குக் கற்றுக்கொண்ட கைவேலை அடுப்பங்கரைச் செலவுக்கு உதவத் தொடங்கியிருக்கிறது. இது நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனாலேயே இதன் கணக்கை ஒளிவு மறைவில்லாமல் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் வரவு. குற்றாலத்தில் வியாபாரம் என்பது சீசனோடு கட்டுண்டது. ஜூனில் சாரல் விழத் தொடங்கி, அருவிகளில் தண்ணீர் குறையும்வரை கடைத்தெரு நிரம்பி வழியும், பிறகு ஈயாடும். கைவேலைக்காரப் பெண்ணுக்கு அந்தச் சீசன் வருமானமும் நேராக வருவதில்லை. கடைக்காரர் மொத்தமாகப் பேசி எடுப்பார். அவர் சொன்னதுதான் விலை. கூடையை வாங்கிப் போகிறவருக்கு அதை முடைந்தவள் யாரென்றே தெரியாது. இணையம் இந்த இரண்டையும் மாற்றியது. மாசியிலும் ஆர்டர் வருகிறது. செய்தவள் பெயரிலேயே பொருள் போகிறது. கடை போடப் பணமும் வீட்டாரின் சம்மதமும் கிடைக்காத பெண்ணுக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல.

இந்த நம்பிக்கைக்கு ஊரிலேயே ஒரு முன்மாதிரியும் உண்டு. 2011இல் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. வயலும் தோப்புமான இடத்திலிருந்து உலகத்துக்கே மென்பொருள் விற்க முடிகிறது என்றால், கூடை விற்க முடியாதா என்று கேட்பது நியாயம். ஆனால் மென்பொருளுக்கு எடையில்லை, ஈரம் படாது; ஒருமுறை எழுதியதை ஆயிரம் பேருக்கு விற்கலாம். கூடையை ஒவ்வொரு முறையும் முதல் முடிச்சிலிருந்து போட வேண்டும்.

சிவன்கண் போட்ட ஒயர் கூடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலை கூடுதலான பின்னல் இது. ஒயர் ஓர் இழை தளர்ந்தாலும் கண் கோணிவிடும். முடித்த கூடையின் எடை ஒரு கிலோவுக்குள்தான். ஆனால் தனியார் கூரியர்கள் பலவும் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, எது அதிகமோ அந்த எடைக்குக் காசு வாங்குகின்றன. 35, 20, 30 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 4.2 கிலோ. கூடைக்குள் இருக்கும் காற்றுக்கும் சேர்த்து முடைந்தவள் கூலி கட்டுகிறாள். ஆரம்பத்தில் பலருடைய லாபம் போகும் இடம் இதுதான். சுடுமண் கம்மலும் பட்டுநூல் வளையலும் இணையத்தில் தழைப்பதற்கும் கூடை திணறுவதற்கும் காரணம் அழகில் இல்லை, பெட்டியின் அளவில் இருக்கிறது. தட்டையாக மடியும் பை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஓலைப்பெட்டிகள் என்று பார்சலை மனத்தில் வைத்து வடிவத்தை யோசிப்பவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

இனி நேரம். ஒரு கணக்குக்காக அந்தக் கூடையை 700 ரூபாய் என்று வைப்போம். ஒயருக்கு 250, அட்டைப்பெட்டிக்கும் டேப்புக்கும் 30, கூரியருக்கு 150. மிச்சம் 270. பழகிய கைக்குப் பத்து மணி நேரம் என்றாலும் மணிக்கு 27 ரூபாய்தான். படம் எடுப்பது, ‘கடைசி விலை சொல்லுங்க அக்கா’ என்பவர்களுக்குப் பதில் எழுதுவது, பார்சலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது எதுவும் இதில் சேரவில்லை. சேர்க்க அவளுக்கே மனம் வராது. பிரியமாகச் செய்யும் வேலையில் நேரம் கணக்குக்கு வருவதில்லை. வீட்டிலும், ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுதானே’ என்றே பேச்சு. இந்தத் தொழிலின் பெரிய பலவீனம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரியம்தான் இத்தொழிலின் முதல்; அதைச் செலவாக எழுதாததால் விலை எப்போதும் குறைவாகவே விழுகிறது.

பீடியோடு ஒப்பிடாமல் இதைத் தென்காசியில் பேச முடியாது. பீடி உடலைக் கெடுக்கும் வேலை. இலையையும் தூளையும் கொடுக்கிறவர் சுற்றிய பீடியில் சிலவற்றைக் கழிவென்று ஒதுக்குவது தனி வயிற்றெரிச்சல். ஆனாலும் 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று ஊருக்கே தெரியும். பி.எஃப். உண்டு, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. இணையத்தில் கூடை விற்பவளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவளை ‘தொழில்முனைவோர்’ என்று மேடையில் பாராட்டுகிறோம். ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தால் வருமானம் பூஜ்யம். பீடியை விட்டு வருகிறவளுக்கு அதைவிட மேலான மணிக்கூலி கிடைக்காவிட்டால், அவள் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைப்பதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

பனையோலைக்காரர்களுக்கு வானமும் குறுக்கே நிற்கும். குருத்தோலையை வெயிலில் காயவைக்காமல் பெட்டி முடைய முடியாது. சாரல் காலத்தில் குற்றாலக் காற்றில் எதுவும் சரியாகக் காயாது. ஓலையின் மடிப்பில் பூசணம் பிடிக்கும். படத்தில் பளிச்சென்று இருந்த பெட்டி டெல்லியில் பிரிக்கும்போது கருத்திருந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். ஆகவே பங்குனி, சித்திரை வெயிலிலேயே செய்து வைத்து, தீபாவளி ஆர்டர்வரை பணத்தை முடக்க வேண்டும். கைமுதல் இல்லாதவரால் அது ஆகாது.

பெரிய இணையச் சந்தைகளில் சேர்ந்தால் தீராதா என்று கேட்கலாம். 2023 அக்டோபர் முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே அவற்றின் வழியாகத் தங்கள் மாநிலத்துக்குள் விற்கலாம் என்று ஆனது. நல்ல மாற்றம். ஆனால் தென்காசியிலிருந்து புளியரை தாண்டினால் கேரளம். சீசனில் கையோடு வாங்கிப் போகும் மலையாளி, ஊருக்குப் போய் அதே சந்தையில் ஆர்டர் போட்டால், விற்பவளுக்குப் பதிவு வேண்டும். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. சந்தைத் தளம் வளர வளர அதற்கு எண்ணிக்கை வேண்டும். கைக்கு அது முடியாது. 2005இல் கைவேலைக்கென்றே அமெரிக்காவில் தொடங்கிய எட்ஸி, 2013இல் வெளி உற்பத்தியாளர்களை வைத்துச் செய்தும் விற்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 5 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது ஆயிரக்கணக்கானோர் ஒரு வாரம் கடையடைத்தார்கள். கட்டணம் இறங்கவில்லை.

வழி பக்கத்திலேயே இருக்கிறது. அம்பாசமுத்திரம் தாண்டிச் சேரன்மகாதேவிப் பக்கம் பத்தமடை. கோரையை முடிபோலக் கிழித்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் நெய்யும் ஊர். உயர்ந்த ரகப் பாயைப் பட்டுத்துணிபோல மடிக்கலாம். ஒன்று முடிய வாரக்கணக்காகும். அங்கே மணமக்கள் பெயரையே பாயில் நெய்து தரும் கல்யாணப் பாய் உண்டு. இணைய வியாபாரிகள் படிக்க வேண்டிய பாடம் அதுதான். பெயர் போட்ட பாயை முன்கூட்டிச் செய்து அடுக்கி வைக்க முடியாது. ஆர்டர் வந்த பிறகே தறியில் ஏறும். என்றைக்குத் தர வேண்டும் என்பதை முகூர்த்தம் சொல்லிவிடும். பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்ப ஆளில்லை. கையின் வேகத்துக்கு விற்பனை இணங்குகிறது. விற்பனையின் வேகத்துக்குக் கை ஓடவில்லை.

பத்தமடையை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லக் கூடாது. புவிசார் குறியீடு கிடைத்தும் நெசவுக்கு உட்காரும் இளம் பெண்கள் குறைந்துவிட்டார்கள். குறியீடு பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது. செல்போன் திரையில் சாதாரணக் கோரைப்பாயும் பட்டுப்பாயும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் விரலுக்குத்தான் தெரியும். ஆகவே படம் போதாது. பாயை மடித்துக் காட்டும் அரை நிமிட வீடியோ பத்துப் படத்தைவிட அதிகம் விற்கும்.

தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. கருவி வாங்க உதவும். ஆனால் இங்கே ஒவ்வொருத்தியும் தனியாகச் சுமப்பது பார்சலையும் காத்திருப்பையும்தான். மகளிர் குழுக்கள் சேர்ந்து தென்காசி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுக்கலாம். ஈரம் புகாத அலமாரி, அளவுக்கு வெட்டிய அட்டைப்பெட்டிகள், கூரியரோடு மொத்தமாகப் பேசிய விலை, ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விதி. முன்பணம் கேட்டால் ஆள் போய்விடுவாரோ என்று தனியாக விற்கிறவள் பயப்படுகிறாள். ஐம்பது பேரும் கேட்டால் அது ஊர் வழக்கமாகிவிடும். மணிக்கு இவ்வளவுக்குக் கீழே எவரும் விலை சொல்வதில்லை என்று அடுத்ததாக முடிவெடுக்கவும் அப்போது முடியும்.