ஏடைம் சொல்லாத கணக்கு

ஒரு ஃபைலை எத்தனை தடவை திறந்திருக்கோம்? லினக்ஸைக் கேட்டால் பதில் கிடையாது. ஐநோடில் இருப்பது ஏடைம், அதாவது கடைசியாகப் படித்த நேரம் மட்டும்தான். நேற்று ஒரே ஒரு தடவை படித்த ஃபைலும், வருஷம் முழுக்கத் தினமும் படித்த ஃபைலும் அதற்கு ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு 'யாரும் தொடாத ஃபைல்' என்று தீர்ப்பு எழுதுகிற பழக்கத்தின் மேல்தான் என் புகார்.

சரி, அந்த ஒற்றை நேரமாவது நம்பகமானதா? படிக்கும்போதெல்லாம் டிஸ்கில் எழுதவும் வேண்டியிருப்பது வீண் செலவு என்று 2007-ல் கெர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னார் கடுமையாகச் சாடினார். 2009-ல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து ரெல்ஏடைம்தான் இயல்புநிலை. ஃபைல் கடைசியாக மாறிய பிறகு முதல் தடவை படிக்கும்போதும், பழைய ஏடைமுக்கு 24 மணி நேரம் கடந்திருந்தாலும்தான் அது புது நேரத்தைக் குறிக்கும். புது மெயில் வந்திருக்கான்னு ஏடைமை வைத்துப் பார்த்த மட் போன்ற நிரல்கள் இதனால் பிழைத்தன. நல்ல சமரசம்தான். ஆனா ஒரே நாளில் ஆயிரம் தடவை படித்தாலும் ஒன்றாகச் சுருங்கிவிடும். நோஏடைம் என்று மவுண்ட் செய்தால் அந்த ஒன்றும் இல்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருஷமாகத் தொடாத ஃபைல்களை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சர்வர் நோஏடைமில் ஓடுவதைக் கவனிக்கலை. தினமும் படிக்கிற டெம்ப்ளேட்கள் எல்லாம் போய்விட்டன. பேக்கப்பிலிருந்து மீட்டோம். மீட்ட ஃபைல்களுக்கெல்லாம் அன்றைய தேதி விழுந்து, இருந்த பழைய தேதிகளும் போச்சு.

அப்போ எண்ணிக்கையை நாமே வைத்துக்கொள்ளலாமே? ஃபேனோட்டிஃபை மூலம் ஒவ்வொரு ஓப்பனையும் எண்ணலாம். எண்ணியதை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டில் வைத்தால் சாதாரண சிபி கட்டளை அதை விட்டுவிட்டு நகலெடுக்கும். ஐநோட் எண்ணை வைத்துத் தனி டேட்டாபேஸில் எழுதலாம்னா, பல எடிட்டர்கள் சேவ் செய்யும்போது புது ஃபைல் எழுதிப் பழைய பெயரை வைக்கின்றன. ஐநோட் மாறிவிடும், கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். போதாததற்கு பேக்கப், வைரஸ் ஸ்கேனர், இண்டெக்ஸர் எல்லாமும் ஃபைலைத் திறக்கும். திறந்தது எந்த நிரல் என்று சேர்த்து எழுதாத எண்ணிக்கை, மனுஷன் பயன்படுத்தினானா என்று சொல்லாது.

டெபியனின் பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட் எந்த பேக்கேஜ் பயன்பாட்டில் இருக்குன்னு கணிக்க ஏடைமைத்தான் பார்க்கிறது. அங்கே தவறினால் ஒரு புள்ளிவிவரம் கொஞ்சம் பிசகும், அவ்வளவுதான். அழிப்பதற்கும் அதே அளவுகோல் என்பது சரியில்லை.

இப்போ நான் பாதை, நிரல், தேதி மூன்றையும் தனி லாகில் எழுதி, அதையும் பேக்கப்பில் சேர்க்கிறேன். ஆனா அந்தக் கணக்கு முழுசா இருந்தாலும் ஒரு எல்லை உண்டு. ஆண்டுக்கணக்கு முடிக்கிற ஃபைல் வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். அது எண்ணிக்கையில் கடைசி, அன்றைக்குத் தேவையில் முதல். எந்த ஃபைல் வேகமான டிஸ்கில் இருக்கணும் என்பதை எண்ணிக்கை முடிவு செய்யட்டும். எது இருக்கணும், எது போகணும் என்பதை ஃபைலின் சொந்தக்காரரிடம்தான் கேட்கணும்.