புளிச்சக்கையின் மெருகு

குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையைத் திண்டுக்கல் பக்கம் பல வீடுகளில் எறிவதில்லை. வெள்ளிக்கிழமை நெருங்கினால் குத்துவிளக்கு தேய்க்க அதுதான். நார் கூடுதலான புளி என்றால் இன்னும் நல்லது. தேய்க்கத் தனி நார் வேண்டாம்.

புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளைமேல் படிந்த கருமையைக் கரைக்கிறது. கல்லுப்பு சேர்ந்தால் வேகம் கூடும். ஆனால் ஊறவிடக் கூடாது. அமிலம் துத்தநாகத்தை அரித்துவிட்டால் செம்பு தெரிந்து விளக்கு சிவந்துபோகும். தேய்த்த கையோடு கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, திருநீறு தொட்டுத் துலக்க வேண்டும். அப்போது வரும் மஞ்சள் மெருகைக் கடையில் விற்கும் எந்தத் திரவமும் தந்து நான் பார்த்ததில்லை.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டில் பித்தளைப் பாகம் இருந்தால் அதற்கும் இதே பக்குவம்தான். சாவித் துவாரத்துக்குள் மட்டும் புளித்தண்ணீர் இறங்கக் கூடாது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துவிடும்.